பல் அவசரமும் வீட்டு முன்னேற்பாடும்: தியாகராய நகரை முன்வைத்து ஒரு வரலாறு

திடீரெனத் தோன்றும் கடும் பல்வலி, ஈறு அல்லது முக வீக்கம், பல் பிடுங்கிய இடத்தில் நிற்காத ரத்தக்கசிவு, அடிபட்டுப் பல் உடைதல், பல் கழன்று விழுதல் ஆகியவை பல் அவசரநிலைகள் எனப்படுகின்றன. மருத்துவரிடம் சென்று சேரும்வரை என்ன செய்வது, அதற்காக எவற்றை முன்கூட்டியே வைத்திருப்பது என்பது வீட்டு முன்னேற்பாடு. சென்னையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அது அஞ்சறைப் பெட்டியின் கிராம்பில் தொடங்கி, சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து 2008-ல் வெளிவந்த இளநீர் ஆய்வு வரை நீள்கிறது.

இந்த வரலாற்றின் பெரும்பகுதியில் வீட்டு மருத்துவத்தின் குறிக்கோள் வலியை அடக்குவதாகவே இருந்தது. அடிபட்டு விழுந்த பல்லை மீண்டும் அதே குழியில் பொருத்தலாம் என்பதும், அது பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்தில் வீட்டார் செய்வதைப் பொறுத்தது என்பதும் மிகவும் பிற்காலத்தில்தான் தெரியவந்தன.

ஏரி நகரான காலம்

இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தின் பெரும்பகுதி நீண்ட ஏரி என்று ஆங்கிலேயர் அழைத்த நீர்ப்பரப்பாக இருந்தது. ஏரிக்குக் கிழக்கே மயிலாப்பூர், மேற்கே செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மாம்பலம் கிராமம். 1911-ல் மாம்பலம் ரயில் நிலையம் அமைந்தது. 1920-ல் சென்னை மாகாண நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து நீதிக்கட்சி ஆட்சியில் ஏரி தூர்க்கப்பட்டு, 1923-25 ஆண்டுகளில் புதிய குடியிருப்பு உருவானது. கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் அதற்கு இடப்பட்டது.

நகரின் சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் கட்சியினரின் பெயர்கள் வைக்கப்பட்டன. அவர்களில் மருத்துவர்களும் உண்டு. டாக்டர் நாயர் சாலை டி.எம். நாயரின் பெயரையும், நடேசன் பூங்கா சி. நடேச முதலியாரின் பெயரையும் தாங்கியுள்ளன. இருவரும் மருத்துவம் பயின்றவர்கள். பனகல் பூங்காவை ஒட்டிச் செல்லும் உஸ்மான் சாலை முகமது உஸ்மானின் (1884-1960) பெயரால் அமைந்தது. இவருக்கும் வீட்டு மருந்துகளின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

அஞ்சறைப் பெட்டியும் நாட்டு மருந்துக் கடையும்

தமிழ் மரபில் பல் பேணுதல் பழமையானது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, காலையில் குச்சியால் பல் துலக்குவதை அன்றாட ஒழுக்கங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்பது பழமொழி. இருபதாம் நூற்றாண்டில் குச்சியின் இடத்தைப் பல்பொடி பிடித்தது. நஞ்சன்கூடு பல்பொடியும், இலங்கை வானொலி விளம்பரத்தால் ஊரெங்கும் அறியப்பட்ட கோபால் பல்பொடியும் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமான பெயர்கள். இவை நாள்தோறும் பல்லைப் பேணுவதற்கானவை. இரவில் வலி வந்தால் வீடு வேறு பொருள்களை நாடியது.

அவற்றுள் முதன்மையானது கிராம்பு. இலவங்கம் என்றும் பெயர் பெற்ற இது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளுக்கு உரிய மரத்தின் காய்ந்த மொட்டு. தமிழகத்தில் கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் விளைகிறது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராம்பு எண்ணெயின் முக்கியக் கூறு யூஜெனால். இது நரம்பின் உணர்வை மழுங்கச் செய்வதுடன் கிருமிகளையும் ஓரளவு கட்டுப்படுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல் மருத்துவர்களும் துத்தநாக ஆக்சைடுடன் யூஜெனாலைக் குழைத்துத் தற்காலிகப் பல் அடைப்பாகப் பயன்படுத்தி வருகின்றனர். பாட்டி சொத்தைப்பல்லில் வைத்த கிராம்பும் மருத்துவர் வைத்த அடைப்பும் ஒரே வேதிப்பொருளைக் கொண்டவை.

பெருங்காயத்தைச் சொத்தைக் குழியில் வைப்பது, வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிப்பது, கன்னத்தில் தைலம் தடவுவது ஆகியவையும் வழக்கத்தில் இருந்தன. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் மும்பையில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் பின்னர் சென்னைக்கு இடம்பெயர்ந்து மயிலாப்பூர் லஸ் பகுதியில் நிலைகொண்டது. அதன் மஞ்சள் நிறத் தைலம் தலைவலிக்கு உரியது. ஆனால் வலி எதுவானாலும் முதலில் கைக்கு வந்தது அந்தச் சிறு புட்டிதான்.

அஞ்சறைப் பெட்டியில் இல்லாதது நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் உள்ள டப்பா செட்டி கடை நூறாண்டுகளைக் கடந்து இயங்கும் நாட்டு மருந்துக் கடை. புதிய தியாகராய நகரில் குடியேறியவர்களுக்கு மயிலாப்பூர் கடைத்தெருக்கள் அருகிலேயே இருந்தன. நோயைச் சொன்னால் பொருளைப் பொட்டலம் கட்டித் தருவது இத்தகைய கடைகளின் மரபு.

உஸ்மான் குழு

இத்தகைய மருந்துகளை அரசு எவ்வாறு அணுகுவது என்ற கேள்வி 1920-களில் எழுந்தது. சென்னை மாகாண அரசு 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மருத்துவ முறைகளை ஆராய்வது அதன் பணி. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி குழுவின் செயலாளர். குழு 1923-ல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1925-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. சீனிவாசமூர்த்தியே அதன் முதல் முதல்வர். இம்முறை மருத்துவர்களின் கூட்டுறவு மருந்தகமான இம்காப்ஸ் 1944-ல் சென்னையில் உருவானது.

தியாகராய நகர் எழுந்த அதே ஆண்டுகளில், வீடுகளில் வழங்கிய மருத்துவம் கல்விக்கூடத்தின் பாடமானது. எனினும் பல்லைப் பொறுத்தவரை ஒரு பெரிய இடைவெளி இருந்தது. வலியைத் தணிக்கப் பல மருந்துகள் இருந்தன. வலிக்குக் காரணமான பல்லைச் சீர்செய்யப் பயிற்சி பெற்ற கைகள் மிகக் குறைவு.

பல் பிடுங்குவோரும் பல் மருத்துவரும்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னையில் அதற்குப் பின்னரும் நெடுநாள் கல்லூரி கிடையாது. நடைபாதையில் விரிப்புப் போட்டு அமர்ந்து பல் பிடுங்குவோரும் பல் கட்டுவோரும் இருந்தனர். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் சென்னையில் பல் மருத்துவமனைகளை நடத்தின. தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழிலாகக் கற்றுவந்த இவர்களைச் சென்னை மக்கள் 'சைனீஸ் டென்டிஸ்ட்' என்றே அழைத்தனர்.

பல் பிடுங்கப் போவதற்கான அச்சம் வெறும் மனப்பிரமையாக இருக்கவில்லை. மரத்துப்போகச் செய்யும் ஊசி பரவலாகும் முன் பல் பிடுங்குதல் பெரும் வேதனை. 1884-ல் கோக்கெய்ன் உள்ளூர் மயக்க மருந்தாக அறிமுகமானது. 1905-ல் புரோகெய்ன் வந்தது. இன்று வழக்கிலுள்ள லிக்னோகெய்ன் 1943-ல் சுவீடனில் உருவாக்கப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லிகள் இல்லாத காலத்தில் பல்வேரில் கட்டிய சீழ் கழுத்துக்குப் பரவினால் உயிர் போகும். இந்தப் பின்னணியில், முடிந்தவரை கிராம்பை வைத்துக்கொண்டு பொறுத்திருப்பது மக்களுக்கு விவேகமாகவே தோன்றியது.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1948-ல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. பட்டம் பெற்றவர்கள் பதிவேட்டின் 'அ' பகுதியிலும், பட்டமின்றி ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்கள் 'ஆ' பகுதியிலும் பதிவு பெற அது வழி செய்தது. 1949-ல் இந்தியப் பல் மருத்துவக் கழகம் அமைந்தது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவில் பட்டப்படிப்பு தொடங்கியது. அதுவே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1980-களிலும் 1990-களிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. இன்று தியாகராய நகரில் பல் மருத்துவமனையின் பெயர்ப்பலகை இல்லாத பெரிய தெருவைக் காண்பது அரிது.

மருத்துவர் அருகில் வந்துவிட்டார். ஆனால் பொறுத்திருக்கும் பழக்கம் வீடுகளில் தொடர்ந்தது. வலி தணிந்தால் நோய் தீர்ந்தது என்ற எண்ணத்தில் மருத்துவரிடம் செல்வது தள்ளிப்போனது. பல்லின் உட்கூழ் இறந்துபோனாலும் வலி தானாக நிற்கும். அந்த அமைதிக்குப் பின்னரே வேர்முனையில் சீழ் கட்டுவது நிகழ்கிறது.

கழன்று விழுந்த பல்

வலியைவிட அவசரமான ஒரு நிலை உண்டு. விளையாட்டிலோ விபத்திலோ நிரந்தரப் பல் வேரோடு கழன்று விழுவது அது. பெரும்பாலும் மேல் முன்பற்களே இவ்வாறு விழுகின்றன. ஏழு வயது முதல் பதின்பருவம் வரையான பிள்ளைகளிடம் இது மிகுதி. சோமசுந்தரம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் சிறுவனுக்கும், பள்ளி மாடிப்படியில் தடுக்கி விழும் சிறுமிக்கும் இது நேரலாம்.

விழுந்த பல்லை என்ன செய்வது என்பதில் தமிழ் வீடுகளுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. குழந்தையின் பால் பல் விழுந்தால் அதைச் சாணத்தில் பொதித்துக் கூரைமேல் எறிவார்கள். புதிய பல் நன்றாக முளைக்கும் என்பது நம்பிக்கை. பால் பல்லுக்கு இதனால் கேடில்லை. விழுந்த பால் பல்லை மீண்டும் பொருத்தவும் கூடாது, ஏனெனில் அது உள்ளே வளரும் நிரந்தரப் பல்லைப் பாதிக்கும். நிரந்தரப் பல் அப்படியல்ல. அதற்குப் பின் முளைக்க வேறு பல் கிடையாது. விழுந்த பல் எறிய வேண்டிய பொருள் என்ற பழக்கம் இங்கு இழப்பாக முடிகிறது.

விழுந்த பல்லைத் திரும்பப் பொருத்தும் முயற்சி ஐரோப்பாவில் பழமையானது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே அதை எழுதியிருக்கிறார். 1728-ல் வெளியான பியர் ஃபொஷாரின் பல் மருத்துவ நூலிலும் அது இடம்பெற்றது. ஆனால் சில பற்கள் நிலைப்பதற்கும் சில கரைந்துபோவதற்கும் காரணம் புரிந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஆண்ட்ரியாசனும் எரிக் யோர்ட்டிங்-ஹான்சனும் 1966-ல் வெளியிட்ட ஆய்வு இதில் திருப்புமுனை. மீண்டும் பொருத்தப்பட்ட 110 பற்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். 30 நிமிடத்துக்குள் பொருத்தப்பட்ட பற்களில் 90 விழுக்காடு வேர் கரையாமல் இருந்தன. 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவற்றில் பெரும்பாலானவை கரைந்தன. காரணம் வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய நார்த்திசு. பல்லைத் தாடை எலும்போடு பிணைப்பது இதுவே. பல் விழும்போது இத்திசுவின் ஒரு பகுதி வேரில் ஒட்டியபடியே வருகிறது. அதன் உயிரணுக்கள் உலர்ந்தால் இறக்கும். அவை உயிரோடிருந்தால் பல் மீண்டும் ஒட்டும்.

பாலும் இளநீரும்

அடுத்து எழுந்த கேள்வி, உடனே பொருத்த இயலாதபோது பல்லை எதில் வைப்பது என்பது. தண்ணீர் உதவாது. அதில் உப்புச்செறிவு மிகக் குறைவாக இருப்பதால் உயிரணுக்கள் நீரை உறிஞ்சி வெடிக்கின்றன. ஆய்வகங்களில் உயிரணுக்களை வைக்கப் பயன்படும் ஹாங்க்ஸ் உப்புக்கரைசல் ஏற்றது. ஆனால் அது வீடுகளில் இருக்காது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவீடனின் லெய்ஃப் பிளோம்லோஃப் பாலை ஆராய்ந்தார். பாலின் உப்புச்செறிவு உடல் திரவங்களுக்கு நெருக்கமானது. அமிலத்தன்மையும் ஏறத்தாழ நடுநிலையானது. குளிர்ந்த பால் உயிரணுக்களைச் சில மணி நேரம் காக்கும் என்பது நிறுவப்பட்டது.

இந்தத் தேடலில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வி. கோபிகிருஷ்ணா, டி. கந்தசாமி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இளநீரை இந்த நோக்கில் சோதித்தனர். 2008-ல் வெளியான ஆய்வொன்றில், சிகிச்சைக்காகப் பிடுங்கப்பட்ட 70 பற்கள் பயன்படுத்தப்பட்டன. ஆய்வுக் குழுப் பற்கள் 30 நிமிடம் உலரவிடப்பட்டு, பிறகு 45 நிமிடம் இளநீர், தேனீப் பிசின் கரைசல், ஹாங்க்ஸ் கரைசல், பால் ஆகியவற்றுள் ஒன்றில் வைக்கப்பட்டன. பின்னர் வேரிலிருந்து பிரித்தெடுத்த உயிரணுக்கள் நுண்ணோக்கியில் எண்ணப்பட்டன. உயிருள்ள அணுக்கள் இளநீரில் வைத்தவற்றில் மிகுதியாக இருந்தன.

தெருமுனைத் தள்ளுவண்டியில் கிடைக்கும் பொருள் ஆய்வகக் கரைசலை விஞ்சியது கவனம் பெற்றது. ஆனால் 2009-ல் பிரேசிலிலிருந்து வெளிவந்த ஆய்வில், வளர்ப்பு உயிரணுக்களைக் காப்பதில் இளநீர் பாலுக்குப் பின்தங்கியது. இளநீரின் அமிலத்தன்மை அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. எனவே இளநீர் இன்றும் ஆய்வுக்குரியதாகவே உள்ளது. பன்னாட்டுப் பல் காய மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் பால், ஹாங்க்ஸ் கரைசல், உமிழ்நீர், உப்புநீர்க் கரைசல் என்ற வரிசையைத் தருகிறது. தண்ணீர் நல்லதன்று, ஆனாலும் பல்லை உலரவிடுவதைவிட மேல் என்றும் அது கூறுகிறது.

அதே ஆண்டில் உயிர்ப்பிப்பு மருத்துவத்துக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பும் முதலுதவி அளிப்போருக்கான பரிந்துரையை வெளியிட்டது. வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல் அதில் ஏற்கத்தக்கவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. மோர், விளக்கெண்ணெய், மஞ்சள் கரைசல் ஆகியவற்றைவிடப் பசும்பால் ஏற்றது என்றும் அது பரிந்துரைத்தது. தமிழ் வீட்டில் காயத்துக்கு முதலில் கைக்கு வரும் மஞ்சள், விழுந்த பல்லுக்கு உரியதன்று.

2020 ஊரடங்கு

2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது வீட்டு முன்னேற்பாட்டின் தேவை வெளிப்படையாகத் தெரிந்தது. பல் சிகிச்சையில் தெறிக்கும் நுண்திவலைகள் வழியே கோவிட் பரவும் என்ற அச்சத்தால் பல் மருத்துவமனைகள் மூடின. மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி சிவப்பு மண்டலங்களில் அவசர சிகிச்சைக்கு மட்டுமே அனுமதி இருந்தது. சென்னை அப்போது சிவப்பு மண்டலம். எப்போதும் நெரிசலான ரங்கநாதன் தெரு வெறிச்சோடியது. பல்வலி வந்தவர்கள் தொலைபேசியில் மருத்துவரிடம் ஆலோசனை கேட்டனர். எது அவசரம், எது பொறுக்கலாம் என்று பிரித்தறியும் பொறுப்பு மீண்டும் வீட்டாரிடம் வந்தது.

வீட்டில் இருக்க வேண்டியவை

பல் அவசரத்துக்கென வைத்திருக்க வேண்டிய பொருள்கள் குறைவு. அவை பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவை.

மூடியுள்ள சிறிய சுத்தமான டப்பா, விழுந்த பல்லைக் கொண்டுசெல்ல உதவும். குளிர்ந்த பால் ஒரு பொட்டலம் குளிர்பெட்டியில் இருப்பது நல்லது. சர்க்கரையோ டிகாக்ஷனோ கலந்த பாலும், சூடான பாலும் ஆகா. கிருமி நீக்கிய பஞ்சுத்துணி, பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்தால் 20 முதல் 30 நிமிடம் கடித்துக்கொள்ளப் பயன்படும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீக்கத்துக்குக் கன்னத்தின் வெளிப்புறம் குளிர் ஒத்தடம் தரலாம். சூடான ஒத்தடம் கூடாது.

வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. சென்னையில் மழைக்காலத்தை ஒட்டி டெங்கு பரவும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லருகே ஈறில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் ஈறைப் புண்ணாக்கும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஓரிரு துளி தொட்டுப் பல்லில் வைக்கலாம். அளவு மிகுந்தால் ஈறு வெந்துவிடும். சிறு குழந்தைகள் அதை விழுங்கினால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால் புட்டியை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நிரந்தரப் பல் கழன்று விழுந்தால் வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது, தேய்க்கவும் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் மெல்ல அலசலாம். அடிபட்டவர் தெளிவாக இருந்தால் பல்லை அதே குழியில் சரியான திசையில் பொருத்தி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி உடனே பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பொருத்த இயலாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டுசெல்ல வேண்டும். பால் இல்லாவிட்டால் ஒரு கிண்ணத்தில் உமிழ்ந்து, அந்த உமிழ்நீரில் வைக்கலாம். பல் உலர்ந்த நிலையில் 60 நிமிடம் கடந்தால் வேரின் உயிரணுக்கள் பிழைக்கும் வாய்ப்பு அரிது. அப்போதும் பல்லை எறியாமல் கொண்டுசெல்ல வேண்டும்.

வீட்டில் காத்திருக்கக் கூடாதவை

சில நிலைகளில் வீட்டு மருந்துக்கு இடமில்லை. தாடைக்கு அடியிலோ நாக்கின் கீழோ வீக்கம் பரவுதல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், வீக்கத்துடன் கடும் காய்ச்சல் ஆகியவை உயிருக்கு ஆபத்தானவை. 1836-ல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த இந்தக் கழுத்துத் தொற்று, பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப்பல்லின் சொத்தையிலிருந்தே தொடங்குகிறது. இதற்குப் பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திராமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அடிபட்டபின் மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லுக்கு முன் தலைக்காயம் கவனிக்கப்பட வேண்டும். தமிழகத்தில் 2008 செப்டம்பர் முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் சேவையை இதற்கு அழைக்கலாம்.

அஞ்சறைப் பெட்டியின் கிராம்பு இன்றும் தியாகராய நகர் வீடுகளில் பயனுள்ள பொருள்தான். மருத்துவரைச் சென்றடையும்வரை அது ஓர் இரவை எளிதாக்கும். அடுத்த நாளும் அதையே வைத்துக்கொண்டு பொறுத்திருப்பது, பல் மருத்துவர் கிடைக்காத காலத்தின் பழக்கம்.